பழைய புரொஜெக்டரில் பிலிம் சிக்கினால்: நாமே சரி பண்ணலாமா, வேறு வாங்கலாமா, ஸ்கேன் கொடுத்துவிடலாமா?

குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கம் பழைய எஸ்டேட் வீடு எதையாவது காலி செய்தால் பரணிலிருந்து ஒரு 8 எம்.எம். புரொஜெக்டரும் பிஸ்கட் டின் நிறைய ரீல்களும் இறங்குவது சகஜம். தாத்தா தோட்டத்தில் மானேஜராக இருந்திருப்பார், இல்லையென்றால் வெலிங்டனில் ராணுவத்தில் இருந்த பெரியப்பா வெளிநாட்டிலிருந்து வரும்போது வாங்கி வந்திருப்பார். பிளக்கைச் செருகினால் மோட்டார் உறுமும், அதிர்ஷ்டம் இருந்தால் பல்பும் எரியும், ஆனால் பிலிமைக் கொடுத்ததும் உள்ளே போய் விசிறி மடிப்பாக மடிந்து நிற்கும், அல்லது சுவரில் படம் மேலும் கீழுமாகத் துள்ளும். அந்த இடத்தில்தான் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: இதை நாமே பிரித்துப் பார்ப்பதா, கோவைக்குத் தூக்கிக்கொண்டு போவதா, இணையத்தில் இன்னொரு மெஷின் வாங்குவதா, அல்லது மெஷினை ஷோகேஸில் வைத்துவிட்டு ரீல்களை மட்டும் ஸ்கேன் செய்ய அனுப்புவதா?

நாலுக்கும் நியாயம் இருக்கிறது. ஆனால் பலரும் மெஷினின் பிராண்டையும் வயதையும் பார்த்து முடிவெடுக்கிறார்கள். யூமிக் என்றால் ஒரு பேச்சு, எல்மோ என்றால் ஒரு பேச்சு. என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது டின்னுக்குள் இருக்கும் பிலிம். மெஷினுக்கு உதிரிபாகம் கடைந்து போடலாம், பெல்ட் மாற்றலாம், வேறு மெஷினே வாங்கலாம். 1968-ல் எடுத்த அத்தையின் கல்யாண ரீல் ஒன்றுதான் இருக்கிறது. நெகடிவ் என்று தனியாக எதுவும் கிடையாது, கேமராவுக்குள் ஓடிய அதே பிலிமைத்தான் கழுவித் திருப்பிக் கொடுத்தார்கள்.

எனவே செலவு பற்றி யோசிக்கும் முன் ஒரு சின்னப் பரிசோதனை. போனால் போகட்டும் என்கிற ஒரு ரீல் வேண்டும். பழைய கார்ட்டூன் பிட்டோ, ரீலின் தொடக்கத்தில் ஒட்டுகிற படமில்லாத வெள்ளை பிலிமான லீடரோ போதும். பல்பைக் கழற்றிவிட்டு அதை ஓட்டுங்கள். எந்த ரீலைப் போட்டாலும், எந்த இடம் என்றில்லாமல் மாட்டுகிறதா? கோளாறு மெஷினில். சோதனை ரீல் ஒழுங்காக ஓடி, வீட்டு ரீல் மட்டும் ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் மாட்டுகிறதா? அந்த இடத்தில் பிலிமில்தான் ஏதோ இருக்கிறது: கிழிந்த துளை, பசை கசிந்த பழைய டேப் ஒட்டு, பிலிம் சிமென்ட் என்கிற பசையால் போட்டு, காய்ந்து விறைத்த சிமென்ட் ஒட்டு. இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் மெஷினைப் பிரித்துப் போட்டு மாதக்கணக்கில் மேஜையை அடைத்து வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும்.

அதற்கும் முன்னால் இன்னொன்று, கேட்கச் சிரிப்பாக இருக்கும்: பிலிமும் மெஷினும் ஒரே ஜாதியா? கோடக் 1932-ல் கொண்டுவந்தது ரெகுலர் 8, 1965-ல் கொண்டுவந்தது சூப்பர் 8. இரண்டும் 8 மி.மீ. அகலம்தான், டின்னில் கலந்து கிடந்தால் கண்ணுக்கு ஒன்று போலவே தெரியும். ரெகுலர் 8-ல் துளை பெரிது, இரண்டு பிரேம்களுக்கு நடுவே உள்ள கோட்டுக்கு நேராக இருக்கும். சூப்பர் 8-ல் துளை சின்னது, ஒவ்வொரு பிரேமின் நடுவுக்கு நேராக இருக்கும். ரீலின் நடு ஓட்டையும் வேறு, சூப்பர் 8 ரீலுக்குச் சுமார் அரை அங்குலம், ரெகுலருக்கு அதைவிடச் சிறியது. இரண்டையும் ஓட்டும் மெஷின்களில் ஒரு சுவிட்சோ மாற்றிப் போடும் பாகமோ இருக்கும், அதைத் திருப்பாமல் ஓட்டினால் மெஷின் பிலிமைக் கடித்துத் துப்பும். மெஷின் ஒரே வகைக்கானது, ரீல்கள் மற்ற வகை என்றால் பழுது பார்த்துப் பிரயோஜனமே இல்லை, பேச்சு அங்கேயே முடிந்தது.

சரி, ஜாதி பொருந்துகிறது. இப்போது பிலிமின் உடம்பைப் பாருங்கள். டின்னைத் திறந்ததும் வினிகர் நெடி மூக்கில் ஏறினால் பிலிமின் அடிப்பட்டையான அசிடேட் என்ற பிளாஸ்டிக் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அப்படிச் சிதையும் பிலிம் சுருங்கும், நெளியும், பிறகு விறைத்து ஒடியும். சுருக்கத்தைக் கண்ணால் மதிப்பிட முடியாது, ஆனால் ஒரு நல்ல ஸ்டீல் ஸ்கேல் இருந்தால் அளந்துவிடலாம். பிலிமை மேஜையில் தட்டையாக விரித்து, ஒரு துளையின் மேல் விளிம்பிலிருந்து, அடுத்த துளையை ஒன்று என்று எண்ணி, நூறாவது துளையின் மேல் விளிம்பு வரை அளந்து பாருங்கள். ரெகுலர் 8 என்றால் 381 மி.மீ. வர வேண்டும், சூப்பர் 8 என்றால் 423 மி.மீ.யை ஒட்டி வர வேண்டும். ஒரு மில்லிமீட்டர் முன்னே பின்னே இருப்பது பிரச்சினை இல்லை. மூன்று நான்கு மி.மீ. குறைந்திருந்தால் பிலிம் சுமார் ஒரு சதவீதம் சுருங்கிவிட்டது. அந்த ரீலை எந்த புரொஜெக்டரிலும் ஓட்டாதீர்கள், எவ்வளவு நன்றாகச் சரி செய்த மெஷினாக இருந்தாலும் சரி. பிலிமை நகர்த்தும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டின் பல்லும் துளையும் இனி ஒத்துப்போகாது, பிலிமை இழுக்கும் கொக்கி துளையில் இறங்காமல் பக்கத்தில் குத்தும். அந்த ரீலுக்கு ஸ்கேன் மட்டுமே வழி.

மலைக் குளிர் இந்த விஷயத்தில் நமக்கு ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுக்கிறது. அசிடேட் சிதைவு வெப்பத்தில் வேகமெடுக்கும், அதனால் சென்னையில் கிடந்த ரீலைவிட ஊட்டியில் கிடந்தது நாற்றமில்லாமல் இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் ஈரம்! தென்மேற்குப் பருவமழையில் ஊட்டியும் வடகிழக்கில் குன்னூரும் ஊறும்போது அலமாரியில் செருப்பு பூஞ்சை பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள், பிலிமில் படம் பதிந்திருக்கும் ஜெலட்டின் பூச்சு அதற்கு இன்னும் பிடித்த சாப்பாடு. பூஞ்சை பிடித்த இடத்தில் ஜெலட்டின் தண்ணீரில் கரையும் நிலைக்கு வந்துவிடும், ஆகவே ஈரத்துணியால் மட்டும் துடைத்துவிடாதீர்கள், படமே துணியோடு வந்துவிடும். ஊட்டியில் 1960-ல் ஆரம்பித்து 1967 முதல் இந்து என்ற பிராண்டில் பிலிம் தயாரித்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் யாராவது உங்களுக்குப் பழக்கம் என்றால் பிலிமை எப்படித் தொடுவது, எப்படி வைப்பது என்று அவரிடம் கேளுங்கள். புரொஜெக்டர் அவருக்குத் தெரியாமல் இருக்கலாம், பிலிமைத் தெரியாமல் இருக்காது.

பிலிம் தேறியது என்று வைத்துக்கொள்வோம். மெஷின்தான் மக்கர். இங்கே நாமே பார்ப்பதற்கு நிறைய இடம் இருக்கிறது, அதைப் பயந்து விடவும் வேண்டாம்.

உள்ளே நடப்பது என்ன என்று ஒரு தடவை புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. மேல் ரீலிலிருந்து வரும் பிலிமை ஒரு ஸ்பிராக்கெட் நிற்காமல் இழுக்கிறது. லென்ஸுக்குப் பின்னால் கேட் என்ற இடத்திலோ பிலிம் ஒவ்வொரு பிரேமாக நின்று நின்று போக வேண்டும், அங்கே ஒரு சின்னக் கொக்கி துளைக்குள் நுழைந்து ஒரு பிரேமை இழுத்துவிட்டு வெளியே வந்து மேலே போகிறது. ஒலியில்லாமல் படம் எடுத்த சூப்பர் 8-க்கு இது நொடிக்கு 18 தடவை. நிற்காத ஓட்டமும் நின்று போகும் ஓட்டமும் சண்டை போடாமல் இருக்கத்தான் கேட்டுக்கு மேலேயும் கீழேயும் பிலிமில் ஒரு தளர்வான வளைவு விடுகிறோம், அதுதான் லூப். லூப் தொலைந்தால் படம் துள்ளும், சடசடவென்று சத்தம் வரும், துளை கிழியும். பல மெஷின்களில் லூப் எவ்வளவு என்று காட்ட ஒரு கோடு போட்டிருப்பார்கள். அழுக்கோடு அழுக்காக மறைந்திருக்கும், துடைத்தால் தெரியும்.

கரண்டைப் போடும் முன் கையால் சுற்றும் குமிழைத் திருப்பிப் பாருங்கள். லேசாகச் சுற்ற வேண்டும். இறுக்கமாக இருந்தால் உள்ளே இருக்கும் பழைய கிரீஸ் கெட்டியாகிவிட்டது. டிசம்பர், ஜனவரியில் புல்லில் உறைபனி விழுகிற காலையில் இந்தக் கோளாறு இன்னும் மோசமாகத் தெரியும், மோட்டார் முனகும், சுற்றாது, அல்லது மெதுவாகச் சுற்றும். மதியம் வெயில் வந்ததும் அதே மெஷின் ஒழுங்காக ஓடும், வீட்டுக்காரர் தானாகச் சரியாகிவிட்டது என்று சந்தோஷப்படுவார். சரியாகவில்லை. பழைய கிரீஸைத் துடைத்தெடுத்துவிட்டு, தண்டுகள் சுழலும் இடத்தில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, பல்சக்கரத்தில் லித்தியம் கிரீஸ் மெல்லிசாக, அவ்வளவுதான். எண்ணெயை ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த எண்ணெய் பெல்ட்டுக்குப் போகும், கிளட்ச்சில் இருக்கும் கம்பளித் துண்டுக்குப் போகும், கடைசியில் பிலிமுக்கே போகும். மெஷினைப் பிலிம் இல்லாமல் பத்து நிமிடம் ஓடவிட்டு, சூடேறிய பிறகு ரீலைப் போடுவது குளிர் ஊரில் நல்ல பழக்கம்.

அடுத்தது கேட். என் அனுபவத்தில் பிலிம் சிக்குவதற்கு மிகச் சாதாரணமான காரணம் இதுதான், செலவில்லாததும் இதுதான். லென்ஸைக் கழற்றி, பிலிமை அழுத்திப் பிடிக்கும் தகட்டை வெளியே எடுத்து டார்ச் அடித்துப் பாருங்கள். பளபளவென்று இருக்க வேண்டிய இரண்டு ஓரத் தண்டவாளங்களிலும் கறுப்பாகவோ பழுப்பாகவோ சின்னச் சின்ன மேடு தெரியும். பல வருடங்கள் ஓடிய ரீல்களிலிருந்து உரசி வந்த ஜெலட்டின் அது, தூசியோடு சேர்ந்து சூட்டில் வெந்து கல்லாகியிருக்கும். விரல் நகத்தால் தடவினால் முள் மாதிரி நெருடும். அந்த நெருடல்தான் பிலிமை ஒரு நொடி பிடித்து வைக்கிறது, கொக்கி இழுக்கும் ஆனால் பிலிம் வராது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்து அதன் மேல் கொஞ்ச நேரம் வைத்து ஊற விடுங்கள், பிறகு பல் குத்தும் குச்சியாலோ சீவிய மூங்கில் குச்சியாலோ தள்ளினால் செதிலாகப் பெயர்ந்து வரும். ஸ்க்ரூடிரைவர், பிளேடு, உப்புத்தாள் எதுவும் கூடாது. அங்கே ஒரு கீறல் விழுந்தால் இனிமேல் ஓடும் ஒவ்வொரு ரீலிலும் அது செங்குத்துக் கோடாக விழுந்துகொண்டே இருக்கும். கொக்கி வந்து போகும் அந்த நீளமான பிளவுக்குள்ளும் பாருங்கள், உடைந்த பிலிம் துண்டு ஒன்று அங்கே மாட்டிக்கொண்டிருப்பது புதிதல்ல. தானாகவே பிலிமை உள்ளே வாங்கும் ஆட்டோ லோடிங் மெஷின் என்றால் அந்தப் பாதை முழுக்கத் துண்டு தேட வேண்டும்.

ஆட்டோ லோடிங் என்றதும் நினைவுக்கு வருகிறது. அந்த வகை மெஷின்களில் பாதி புகார்களுக்கு மெஷின் காரணமே இல்லை, பிலிமின் நுனி காரணம். மெஷினின் பக்கவாட்டில் ஒரு சின்ன வெட்டும் கருவி வைத்திருப்பார்கள், நுனியை அதில் வெட்டிக் கொடுத்தால்தான் ஸ்பிராக்கெட் பிடிக்கும். கத்தரிக்கோலால் கோணலாக வெட்டியது, நுனி சுருண்டது, மடிந்தது எதுவும் போகாது. நல்ல லீடர் ஒரு மீட்டர் அளவுக்கு ஒட்டிவிட்டால் பாதித் தொல்லை போய்விடும்.

அப்புறம் பெல்ட். சில மெஷின்களில் பெல்ட் ரப்பர், சிலவற்றில் ஸ்டீல் ஸ்பிரிங். ஸ்பிரிங் தளர்ந்தால் சில சுற்றுகளை வெட்டிவிட்டு மறுபடி கோத்துவிடலாம். ரப்பர்தான் அசிங்கம் பண்ணும். மூடியைத் திறந்தால் பெல்ட் என்று ஒன்று இருக்காது, புல்லியைச் சுற்றித் தார் ஊற்றின மாதிரி கறுப்பாக ஒட்டிக் கிடக்கும், கையில் பட்டால் சட்டை வரைக்கும் வரும். அதை ஆல்கஹாலால் முழுக்கத் துடைக்காமல் புது பெல்ட்டை மாட்டினால் புதுசும் வழுக்கும். கம்பெனி பெல்ட்டைத் தேடி அலைய வேண்டாம். புல்லிகளைச் சுற்றி ஒரு நூலை இழுத்து அளந்து, அதில் ஏழெட்டு சதவீதம் குறைத்து, அந்தச் சுற்றளவில் டேப் ரெக்கார்டர் பெல்ட்டோ ஓ-ரிங்கோ வாங்கினால் போதும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும், கோவையில் பம்ப்செட் உதிரிபாகக் கடைகளில் ஓ-ரிங் எல்லா அளவிலும் கிடைக்கும். கீழே பிலிமைச் சுற்றும் ரீல் சுற்றவில்லை என்றால் பிலிம் மெஷினுக்கு அடியில் குவிந்து, கீழ் லூப் அடைத்து, மேலே கேட்டில் மாட்டியது போலத் தெரியும். கேட்டைக் குற்றம் சொல்லும் முன் அந்த ரீலை விரலால் பிடித்துப் பாருங்கள், மெதுவாக வழுக்கி, விட்டதும் மறுபடி சுற்ற வேண்டும்.

இவ்வளவுதான் நாமே செய்ய வேண்டியது, இதைத் தாண்டி ஸ்க்ரூவைத் திருகாதீர்கள் என்பேன். கொக்கியை ஆட்டும் கேம், பல்பின் ஒளியை மறைத்து மறைத்துத் திறக்கும் ஷட்டரோடு அதற்குள்ள ஒத்திசைவு, ஒலி உள்ள மெஷின்களில் சவுண்ட் ஹெட், இவற்றைக் கழற்றினால் திரும்ப அதே இடத்தில் உட்கார வைப்பது எளிதல்ல. கொக்கி தேய்ந்திருக்கிறதா என்று கழற்றாமலேயே கண்டுபிடிக்கலாம். சோதனை ரீலை ஓட்டிவிட்டு பூதக்கண்ணாடி வைத்துத் துளைகளைப் பாருங்கள், எல்லாத் துளையிலும் ஒரே பக்க விளிம்பு மட்டும் நசுங்கியிருந்தால் கொக்கி தேய்ந்துவிட்டது அல்லது அளவுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கிறது.

இனி இரண்டாவது வழி, கோவைக்கு இறங்குவது. மலையில் புரொஜெக்டர் மெக்கானிக் என்று போர்டு போட்டு யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. ஆனால் கிராமங்களில் 16 எம்.எம்.-ல் அரசாங்கச் செய்திப்படம் காட்டிய காலத்து ஆபரேட்டர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள், தியேட்டரில் 35 எம்.எம். ஓட்டியவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு லூப், கேட் எல்லாம் கை பழகியது. 8 எம்.எம். அவர்களுக்கு விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்தாலும் தத்துவம் ஒன்றுதான். இதற்குச் செலவிடுவதில் அர்த்தம் இருப்பது ஒரே ஒரு சூழ்நிலையில்: உடைந்தது ஒரு குறிப்பிட்ட பாகம், மற்றதெல்லாம் திடமாக இருக்கிறது. பெல் அண்ட் ஹவல் 16 எம்.எம். மெஷின்களில் வார்ம் கியர் என்ற பிளாஸ்டிக் திருகுப் பல்சக்கரம் வயதாகி விரிசல் விடுவது பிரபலமான கோளாறு. மோட்டார் சுற்றும், பிலிம் நகராது. அதைக் கடைந்து போடக் கோவையை விட்டால் வேறு ஊர் எதற்கு? லேத் பட்டறைக்காரர் சொல்வது ஒன்றுதான்: “உடைஞ்சிருந்தாலும் பரவாயில்லீங்க, அத்தனை துண்டும் கொண்டாங்க, பல்லு எண்ணிப் பாத்துக்கலாம்.” பித்தளையில் செய்து தரவா என்று கேட்பார், கெட்டியாக இருக்குமே என்று தலையாட்டிவிடாதீர்கள். தேய வேண்டிய பாகத்தை உலோகத்தில் போட்டால் அதோடு சேர்ந்து சுற்றும் பாகம் தேயும், அது கடையவே முடியாத பாகமாக இருக்கும். டெல்ரின் மாதிரி நல்ல பிளாஸ்டிக்கில் கடையச் சொல்லுங்கள்.

எடுத்துப் போகும்போது லென்ஸையும் பல்பையும் கழற்றித் தனியாகச் சுற்றி வையுங்கள். பர்லியாறு வளைவுகளில் பஸ் டிக்கியில் உருண்டால் போகும்போது இல்லாத கோளாறு வரும்போது இருக்கும். வீட்டு ரீலைக் கூடவே கொடுத்தனுப்பாதீர்கள், சோதனை ரீல் மட்டும் போதும். தெரிந்தவர் ஒருவர் குடும்ப ரீலையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, ஓட்டிப் பார்த்ததில் நடுவே எரிந்துபோன பிரேம்களோடு திரும்ப வாங்கினார். பிலிம் கேட்டில் நின்று பல்பு எரிந்துகொண்டிருந்தால் அப்படித்தான் ஆகும், கடைக்காரரைத் திட்டி என்ன பிரயோஜனம்.

மூன்றாவது வழியான இன்னொரு மெஷின் வாங்குவதைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. நீங்கள் வாங்கப் போவதும் அதே வயது மெஷின், அதன் பெல்ட்டும் உருகியிருக்கும், அதன் கிரீஸும் கல்லாகியிருக்கும். விற்பவர்கள் காட்டும் வீடியோவில் மோட்டார் சுற்றும், பல்பு எரியும், அதைத் தாண்டி ஒன்றும் இருக்காது. பிலிம் ஓடுவதைக் காட்டச் சொல்லுங்கள், அதுவும் மேல் லூப், கீழ் லூப் இரண்டும் தெரிகிற மாதிரி. காட்ட மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். உங்கள் மெஷினில் கொக்கியோ கேமோ போய்விட்டது, அதே மாடல் வேறு கோளாறோடு மலிவாகக் கிடைக்கிறது என்றால் மட்டும் பாகத்துக்காக வாங்கலாம்.

அமெரிக்க மெஷின் என்றால் கூடுதல் கவனம் தேவை. கொடைக்கானல் பக்கம் மிஷனரிக் குடும்பங்கள் விட்டுப்போனவை இப்படிப்பட்டவையாக இருக்கலாம், இணையத்திலும் இதுவே அதிகம். 110 அல்லது 120 வோல்ட் மெஷினுக்கு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் போட்டாலும் அது வோல்டேஜை மட்டும்தான் குறைக்கும், நம் கரண்டின் அதிர்வெண்ணான 50 ஹெர்ட்ஸை 60 ஆக்காது. இண்டக்‌ஷன் மோட்டார் என்றால் ஆறில் ஒரு பங்கு வேகம் குறையும், 18 பிரேம் 15 ஆகும், நடக்கிறவர்கள் எல்லோரும் நீந்துகிற மாதிரி தெரிவார்கள். சில மெஷின்களில் 50-க்கு ஒன்று 60-க்கு ஒன்று என்று புல்லியில் இரண்டு படி இருக்கும், பெல்ட்டை மாற்றிப் போட்டால் போதும். ஐரோப்பிய மெஷின்களில் பெரும்பாலும் வோல்டேஜ் மாற்றும் திருகு இருக்கும், அது எதில் நிற்கிறது என்று பார்க்காமல் பிளக்கைச் செருகாதீர்கள்.

நான்காவது, ஸ்கேன். இதில் மூன்று தரம் இருக்கிறது. சுவரில் ஓடுவதை மொபைலில் எடுப்பது கடைசித் தரம், படம் மினுக்கி மினுக்கி வரும், காரணம் ஷட்டரின் வேகமும் கேமராவின் வேகமும் பொருந்தாதது. வேகம் மாற்றக்கூடிய, மூன்று இலை ஷட்டர் உள்ள மெஷினில் நொடிக்கு 16⅔ பிரேமுக்குக் குறைத்து, கேமராவை 25-ல் வைத்தால் மினுக்கல் அடங்கும். அவசரத்துக்குப் பாதகமில்லை. ஆனால் இதற்கும் பிலிம் ஒழுங்காக ஓடியாக வேண்டும், அதாவது நம் பிரச்சினை அப்படியே இருக்கிறது.

நடுத்தரம், வீட்டில் வைத்துக்கொள்ளும் சின்ன ஸ்கேனர். நொடிக்கு இரண்டு பிரேம் என்கிற மாதிரி மெதுவாக நகர்த்திப் படம் பிடிக்கும். 50 அடி சூப்பர் 8 ரீலில் 3600 பிரேம், சுவரில் மூன்று நிமிடம் இருபது நொடியில் முடிவது இதில் அரை மணி நேரம் ஆகும். விளம்பரத்தில் சொல்லாத விஷயம் ஒன்று, இவற்றிலும் பிலிமை நகர்த்துவது கொக்கிதான். சுருங்கிய பிலிம் புரொஜெக்டரில் எதனால் சிக்குகிறதோ அதே காரணத்தால் இதிலும் சிக்கும். சூடான பல்பு இல்லை, வேகம் இல்லை, அதனால் சேதம் குறைவு, அவ்வளவே. நிறைய ரீல் வைத்திருக்கிறவர்கள், பிலிம் நல்ல நிலையில் இருக்கிறவர்கள் நாலைந்து குடும்பமாகச் சேர்ந்து ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.

மேல்தரம், கொக்கியும் ஸ்பிராக்கெட் பல்லும் இல்லாமல் உருளைகளின் மேல் பிலிமைச் செலுத்தி, துளையின் இடத்தை ஒளியால் கண்டுபிடிக்கும் பெரிய ஸ்கேனர்கள். பெரிய நகரங்களில் இந்தச் சேவை தருகிறார்கள். அனுப்பும் முன் கேட்க வேண்டியது விலை அல்ல, இந்த மூன்று கேள்விகள்தான்: உங்கள் மெஷினில் பிலிமை நகர்த்துவது பல்லா உருளையா, ஒவ்வொரு பிரேமையும் தனியாக எடுக்கிறீர்களா, ஒட்டு விட்டுப்போனால் ஒட்டித் தருவீர்களா. முதல் கேள்விக்குத் தடுமாறினால் அவர்கள் புரொஜெக்டர் முன்னால் கேமரா வைத்திருக்கிறார்கள். ரீல்களைக் கூரியரில் விடுவதைவிடத் தெரிந்தவர் யாராவது போகும்போது கையில் கொடுத்தனுப்புவது நிம்மதி.

ஆக, நூறு துளை அளவு குறைகிறதா, வினிகர் நெடி அடிக்கிறதா, பணத்தை மெஷினுக்குச் செலவழிக்காதீர்கள், முழுவதையும் மேல்தர ஸ்கேனுக்குக் கொடுங்கள், அதிலும் நெடி அதிகமுள்ள ரீலை முதலில். பிலிம் நன்றாக இருக்கிறது, மெஷினில் கேட், கிரீஸ், பெல்ட் அளவில் கோளாறு என்றால் நீங்களே செய்யுங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமையும் சில நூறு ரூபாயும் போதும். பாகம் உடைந்திருந்தால் அந்த மெஷின் உங்களுக்கு எதற்கு என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். படத்தைப் பார்ப்பதற்கு என்றால் ஸ்கேன் போதும். எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் சொன்னார், “தம்பி, பேரப்பிள்ளைங்க டிவியில பாத்துக்கட்டும். எனக்கு வருஷத்துக்கு ஒரு தடவ சுவத்துல ஓடணும், ரயில் பல்சக்கரத்துல ஏறி வர்றதப் பாக்கணும், அவ்ளோதான்.” அவருக்கு லேத் செலவு நியாயம், அதையும் ஸ்கேன் முடிந்த பிறகு செய்தால் போதும் என்று சொல்லி ரீலை முதலில் அனுப்ப வைத்தேன்.

ஒட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை, எந்த வழியில் போனாலும் இது வரும். அசிடேட்டுக்குச் சிமென்ட் ஒட்டும் போடலாம், டேப் ஒட்டும் போடலாம். 1965-ல் பியூஜி கொண்டுவந்த சிங்கிள் 8 பாலியஸ்டர், அதில் சிமென்ட் பிடிக்காது, டேப்தான். பாலியஸ்டர் அறுந்தும் போகாது, சிக்கினால் மெஷினில்தான் ஏதாவது வளையும், அதனால் அந்த ரீலை ஓட்டும்போது கை சுவிட்சிலேயே இருக்கட்டும். டேப் துளையை மூடாமல் இருக்கிறதா என்று ஒவ்வொரு ஒட்டையும் பாருங்கள்.

ஸ்கேன் ஆகிவிட்டது என்று மூல ரீலைத் தூக்கிப் போடாதீர்கள், ஹார்ட் டிஸ்க் அதைவிடச் சீக்கிரம் போகும். காற்றே புகாத பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்தால் அசிடேட் விடும் அமில ஆவி உள்ளேயே சுற்றி மற்றதையும் கெடுக்கும். நெடி அடிக்கும் ரீலை மற்றவற்றோடு வைக்காமல், கொஞ்சம் காற்றோட்டம் உள்ள பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள், பொட்டலத்தை மழைக்காலத்தில் மாற்றுங்கள். கணப்பு மூட்டும் சுவரை ஒட்டின அலமாரி வேண்டாம். மெஷினையும் மூட்டை கட்டி வைப்பதென்றால் ரப்பர் பெல்ட்டைக் கழற்றி ஒரு கவரில் போட்டு, அதன் மேல் சுற்றளவை எழுதி, மெஷினோடு வைத்துவிடுங்கள்.